உடலுக்குள் போகும் பொருள்

குஜராத்தின் சூரத் நகருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வைரம். தோண்டி எடுப்பது எங்கோ ஆப்பிரிக்காவிலும் ரஷ்யாவிலும். அறுத்துப் பட்டை தீட்டுவது பெரும்பாலும் சூரத்தில். சுழலும் மெல்லிய தகட்டில் வைரத்தூள் பூசிக் கல்லை அறுத்த காலம் போய், லேசர் கதிரால் அறுக்கும் காலம் வந்தது. அந்த லேசர் இயந்திரங்களை உள்ளூரிலேயே செய்துகொடுக்க முன்வந்தவர்களில் ஒருவர் தீரஜ்லால் கோட்டாடியா. அவருடைய சஹஜானந்த் குழுமம் அடுத்து எடுத்து வைத்த அடி பலரும் எதிர்பாராதது. வைரத்தை இழை பிசகாமல் அறுக்கத் தெரிந்தவர்களுக்கு, அடைபட்ட இதயக் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட்டையும் அறுக்க முடியும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பவில்லை.

ஸ்டென்ட் பார்வைக்குச் சின்னக் கம்பிவலைச் சுருள்போல இருக்கும். ஆனால் அதைக் கம்பியை முறுக்கிச் செய்வதில்லை. கோபால்ட்-குரோமியம் கலப்பு உலோகத்தாலான, ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்குழாய் ஒன்றை எடுத்து, லேசருக்கு அடியில் சுழற்றியபடியே முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். கதிர் பட்ட இடம் உருகிப் போகிறது, மிஞ்சுவது வலை. வெட்டிய விளிம்பில் கசடு ஒட்டியிருக்கும். அதை அமிலத்தில் கழுவி எடுத்து, மின்வேதி முறையில் வலையை வழவழப்பாக்குகிறார்கள். எங்காவது ஒரு பிசிறு தங்கிவிட்டால் இரத்தம் அந்த இடத்தில் உறையத் தொடங்கும் என்பதால், ஒவ்வொரு ஸ்டென்ட்டையும் பெரிதாக்கிப் பார்த்துத்தான் அடுத்த அறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே மருந்துப் பூச்சு. அதற்குப் பிறகு, சுருங்கிய பலூன் மேல் வலையை இறுக்கிப் பொருத்தும் வேலை.

அந்த மருந்துக்கும் ஒரு கதை உண்டு. 1964-ல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன ஆய்வுக் குழு அங்கிருந்து மண் மாதிரிகளை எடுத்து வந்தது. அதில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து சிரோலிமஸ் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தவர் பஞ்சாபில் பிறந்த சுரேன் சேகல். நிறுவனம் அந்த ஆய்வைக் கைவிட்டபோது, அவர் அந்த நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்தார். பின்னாளில் அதே மருந்து ஸ்டென்ட்டின் மேல் ஏறியது. குழாய்ச் சுவரின் திசு மிகையாக வளர்ந்து மறுபடி அடைத்துக்கொள்வதை அது தடுக்கிறது.

மருந்து பூசிய முதல் தலைமுறை ஸ்டென்ட்டான ‘சைஃபர்’ 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் கம்பித் தடிமன் 140 மைக்ரான். சூரத் நிறுவனத்தின் ‘சுப்ராஃப்ளெக்ஸ் குரூஸ்’ ஸ்டென்ட்டில் அது 60 மைக்ரான்; கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அளவுதான். கம்பி மெலிய மெலிய இரத்த ஓட்டத்துக்கு இடைஞ்சல் குறைகிறது, குழாய்ச் சுவர் அதன்மேல் விரைவில் படர்ந்து மூடிக்கொள்கிறது. ஆனால் மெலிந்த கம்பி நசுங்காமலும் நிற்க வேண்டும். மெல்லிதாகவும் வேண்டும், உறுதியாகவும் வேண்டும் என்ற இந்த இழுபறியில்தான் உலகின் ஸ்டென்ட் தொழிற்சாலைகள் எல்லாம் கடந்த இருபது ஆண்டுகளாகப் போட்டி போடுகின்றன.

2017 பிப்ரவரியில் இந்தத் தொழிலை உலுக்கிய முடிவொன்று வந்தது. தேசிய மருந்து விலை ஆணையம் ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு விதித்தது: மருந்து பூசாத ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். அதற்கு முன் மருந்து ஸ்டென்ட்டுக்கு நோயாளிகள் லட்ச ரூபாயைத் தாண்டியும் கொடுத்து வந்தார்கள். தொழிற்சாலை வாசலைத் தாண்டும் விலைக்கும் நோயாளி கட்டும் விலைக்கும் நடுவே விநியோகஸ்தரும் மருத்துவமனையும் வைத்த லாபம் மலைபோல் குவிந்திருந்தது என்பதை ஆணையம் வெளியிட்ட கணக்குகளே காட்டின. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மாற்று உறுப்புகளுக்கும் வரம்பு வந்தது.

விலையைக் குறைத்தால் தரம் போய்விடும் என்ற அச்சம் அப்போது பலமாக எழுந்தது. அதற்குப் பதில் ஐரோப்பாவிலிருந்து கிடைத்தது. ‘டேலன்ட்’ என்ற ஆய்வில் ஏழு நாடுகளின் 23 மருத்துவமனைகளில் 1,435 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சூரத் ஸ்டென்ட், மறு பாதிக்கு உலகம் முழுவதும் பயன்படும் அமெரிக்க ‘சயன்ஸ்’ ஸ்டென்ட். ஓராண்டு முடிவில் இந்திய ஸ்டென்ட் அமெரிக்க ஸ்டென்ட்டுக்குச் சளைத்ததல்ல என்று 2019-ல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. இந்த ஒரு கட்டுரை நூறு விளம்பரங்களுக்கு மேல். மருத்துவச் சாதனத் தொழிலில் பொருளைச் செய்து முடிப்பது பாதி வேலைதான். அது நல்ல பொருள் என்று ஊரறிய நிரூபிப்பது மீதிப் பாதி. அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். தோற்றுப்போனாலும் முடிவை வெளியிடும் நேர்மையும் வேண்டும்.

இந்தியாவின் மருத்துவச் சாதனத் தேவையில் 70 முதல் 80 விழுக்காடு இன்னும் இறக்குமதிதான் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. ஊசி, சிரிஞ்சு, கையுறை, இரத்தப் பை, கண் லென்ஸ், ஸ்டென்ட் ஆகியவற்றில் நாம் வலுவாக இருக்கிறோம். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன், உயர்தர அல்ட்ராசவுண்ட், ஆய்வகப் பகுப்பாய்வுக் கருவிகள் என்று வரும்போது கப்பலையும் விமானத்தையும் எதிர்பார்த்து நிற்கிறோம். சில கருவிகள் இங்கே ‘தயாராகின்றன’ என்றாலும் அவற்றின் உயிர்நாடியான பாகங்கள் பெட்டிகளில் வந்து இங்கே பூட்டப்படுகின்றன. எக்ஸ்ரே குழாய், உணரித் தகடு, மின்னணுச் சில்லு ஆகியவை இங்கே உருவாகாத வரை அதை உற்பத்தி என்று சொல்வதைவிடக் கோர்ப்பு வேலை என்று சொல்வதே நியாயம்.

கோர்ப்பு வேலைக்கும் உற்பத்திக்கும் உள்ள தூரத்தை மதுரை நன்றாக அறியும்.

1980-களின் இறுதிவரை தமிழ்நாட்டில் கண்புரை அறுவை செய்துகொண்ட பெரும்பாலோர் சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் வீடு திரும்பினார்கள். கலங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, அதன் வேலையை மூக்கின் மேல் நிற்கும் தடித்த கண்ணாடி செய்தது. உருவங்கள் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் பார்வை வளையும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ கிராமத்து முதியவர் மறுபடியும் குருடர். இதற்கான மாற்று 1949 நவம்பர் 29 அன்றே கிடைத்திருந்தது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் அன்று ஒரு செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூரையின் பிளாஸ்டிக் துணுக்குகள் ஆண்டுக்கணக்கில் சீழ் பிடிக்காமல் கிடந்ததை அவர் கவனித்திருந்தார். கண் ஏற்றுக்கொண்ட அந்தப் பிளாஸ்டிக்தான் பிஎம்எம்ஏ எனப்படும் அக்ரிலிக். ரிட்லி தம் லென்ஸையும் அதே பொருளில் செய்வித்தார்.

நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்த லென்ஸ் இந்திய ஏழைக்கு எட்டவில்லை. இறக்குமதி விலை ஒன்றுக்கு 100 டாலரை ஒட்டி இருந்தது. ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, கண்ணாடியே போதும் என்ற கருத்து உலக மேடைகளிலும் வலுவாக ஒலித்தது. 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அதை ஏற்கவில்லை. 1992-ல் மதுரையில் அரவிந்தின் லென்ஸ் தொழிற்சாலையான ஆரோலேப் பிறந்தது. அமெரிக்கரான டேவிட் கிரீன் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர உதவினார். லென்ஸ் விலை 10 டாலருக்குக் கீழே வந்தது. பிறகு சில டாலர்களாகவே சுருங்கியது.

லென்ஸ் செய்யும் வேலை கண்ணைக் கட்டிப்போடும் நுணுக்கம் கொண்டது. அக்ரிலிக் வில்லை ஒன்றை வைரமுனை பொருத்திய கடைசல் இயந்திரத்தில் மாட்டி, இருபுறமும் வளைவு வரும்படி சீவுகிறார்கள். நடுவே 6 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒளி புகும் பகுதி. அதிலிருந்து இரண்டு மெல்லிய கைகள் எதிரெதிர்த் திசையில் வளைந்து நீள்கின்றன. லென்ஸைக் கண்ணுக்குள் நடுவில் நிறுத்திவைப்பவை இந்தக் கைகள்தான். சீவிய லென்ஸ்களை நுண்மணிகளோடு உருளையில் போட்டு நாள்கணக்கில் உருட்டினால் கூரான ஓரங்கள் மழுங்கி வழவழப்பாகும். அதன்பின் ஒவ்வொன்றின் ஆற்றலையும் அளந்து, அரை டயாப்டர் வேறுபாட்டில் தரம் பிரிக்க வேண்டும். தூசி வடிகட்டிய அறையில், தலை முதல் கால் வரை மூடிய உடையில், நுண்ணோக்கியில் குனிந்து கீறலைத் தேடும் கைகள் பெரும்பாலும் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்களுடையவை. ஆரோலேப் லென்ஸ்கள் இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன என்றால், அதற்குக் காரணம் சம்பளம் குறைவு என்பது மட்டுமல்ல. அந்தப் பெண்களின் கண்ணும் கையும் பெற்ற தேர்ச்சி அதைவிடப் பெரிய காரணம்.

இந்தத் தொழில் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. கண்ணில் வைக்கும் வெட்டு சிறுத்துக்கொண்டே வந்தது. கெட்டியான அக்ரிலிக் லென்ஸுக்கு 6 மில்லிமீட்டர் வெட்டு வேண்டும். மீயொலியால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறைக்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளையே போதும். அந்தத் துளைவழியே உள்ளே போக வேண்டுமானால் லென்ஸ் மடங்க வேண்டும். மடங்கும் அக்ரிலிக்கில் ஒரு வகை அறை வெப்பத்தில் இளகியே இருக்கும், கடைசலில் மாட்டினால் பிடிகொடுக்காது. குளிரவைத்து விறைப்பாக்கித்தான் சீவ முடியும். அறுவை முறை மாறும்போது பொருள் மாறுகிறது, பொருள் மாறும்போது இயந்திரமும் மாறுகிறது. மருத்துவரும் தொழிற்சாலையும் ஒரே ஊரில், ஒரே குடும்பமாக இருந்தது மதுரைக்குக் கிடைத்த பெரிய பலம். அறுவை அரங்கில் காலையில் எழும் குறை மாலைக்குள் பொறியாளரின் காதுக்குப் போய்விடும்.

மதுரைக்குத் தெற்கே, மலைக்கு அந்தப் பக்கம், இன்னொரு பாடம் எழுதப்பட்டது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் இதய அறுவை நிபுணர் டாக்டர் வலியத்தான் ஒரு குழுவைத் திரட்டினார். பூஜப்புரையில் உள்ள பழைய அரண்மனைக் கட்டடமொன்றில் பொறியாளர்களையும் வேதியியலாளர்களையும் கால்நடை மருத்துவர்களையும் ஒன்றாக உட்கார வைத்தார். நோக்கம், செயற்கை இதய வால்வு. வாதக் காய்ச்சலில் வால்வு கெட்டுப்போன இளம் வயதினர் அப்போது இந்திய மருத்துவமனைகளில் நிறைந்திருந்தார்கள். வெளிநாட்டு வால்வு அவர்கள் வாங்கும் விலையில் இல்லை.

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் வால்வு ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி முறை திறந்து மூட வேண்டும். ஒருமுறைகூடச் சிக்கிக்கொள்ளக் கூடாது. முதல் மாதிரியில் பற்றவைத்த இணைப்பு சோதனை இயந்திரத்திலேயே முறிந்தது. அடுத்ததில் டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவதில் நீலக்கல் தகடு உடைந்தது. நான்காவது மாதிரியில் கோபால்ட் கலப்பு உலோகக் கூண்டும், மூட்டு மாற்று உறுப்புகளில் பயன்படும் வகையைச் சேர்ந்த உறுதியான பாலிஎத்திலீன் தகடும் சேர்ந்தன. அதுதான் நின்றது. பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகமும் வழியில் கைகொடுத்தது. செம்மறியாடுகளில் சோதித்த பிறகு, 1990 டிசம்பர் 6 அன்று முதல் மனிதருக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டது. தொடக்கத்திலிருந்து அந்த நாள்வரை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிடிகே நிறுவனம் அதைத் தயாரித்து விற்கிறது. பொருத்திக்கொண்டோர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியாயிற்று.

மூன்று தோல்விகளை ஒளிக்காமல் வரிசையாகப் பதிவு செய்துவைத்தது அந்தக் குழு. இன்றைய அரசுகள் ஆலைகளைத் தொடங்க ஊக்கத்தொகை கொடுக்கின்றன, வரவேற்கத்தக்கதுதான். ஆனால் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும் ஆய்வகங்களுக்கு யார் பணம் தருவார்கள் என்ற கேள்வி அதைவிட முக்கியமானது. அதே திருவனந்தபுர நிலையத்தின் தொழில்நுட்பத்தில்தான் இந்திய இரத்தப் பையும் வந்தது. ஒரு நல்ல ஆய்வகம் ஒரே ஒரு பொருளோடு நிற்பதில்லை.

ஸ்டென்ட்டோ லென்ஸோ வால்வோ, செய்து முடித்த பிறகு நுண்ணுயிர் நீக்க வேண்டும். இங்கேதான் உலகத் தொழில் ஒரு முட்டுச்சந்தில் நிற்கிறது. கொதிநீராவி பிளாஸ்டிக்கையும் பூச்சையும் கெடுத்துவிடும். காமாக் கதிர் சில பொருள்களை நொறுங்கச் செய்யும். எனவே அமெரிக்காவில் நுண்ணுயிர் நீக்கப்படும் சாதனங்களில் சுமார் பாதி எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவால் தூய்மையாகின்றன. பொட்டலத்தின் காகிதச் சுவரைத் துளைத்து உள்ளே போய்க் கிருமியைக் கொல்லும் வாயு அது. புற்றுநோய் வருவிக்கும் வாயுவும் அதுதான். சிகாகோவுக்குப் பக்கத்தில் வில்லோபுரூக் என்ற ஊரின் மக்கள் எழுந்து நின்றதால் 2019-ல் ஓர் ஆலை மூடப்பட்டது. 2024-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை, வெளியேறும் வாயுவை 90 விழுக்காடு குறைக்க விதி கொண்டுவந்தது; மறு ஆண்டே அரசு பல ஆலைகளுக்கு இரண்டாண்டு விலக்கு அளித்துவிட்டது. மருத்துவமனைக்கு வரும் பொருள் தூய்மையாக வேண்டும், ஆலைக்கு அருகில் குடியிருப்பவரின் நுரையீரலும் தூய்மையாக வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி, எக்ஸ்ரே, மின்னணுக் கற்றை என்று மாற்று வழிகள் வளர்ந்துவருகின்றன. புதிதாக ஆலை கட்டும் இந்தியா பழைய வழியை அப்படியே நகலெடுக்காமல் இவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

அடுத்த பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. கருவியின் மதிப்பு உலோகத்திலிருந்து மென்பொருளுக்கு நகர்கிறது. அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் அனுமதித்த செயற்கை நுண்ணறிவுச் சாதனங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலானவை ஸ்கேன் படங்களைப் படிப்பவை. இதிலும் மதுரையின் கை உண்டு. நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் படத்திலிருந்து கண்டறியும் கூகுள் நிரலின் புகழ்பெற்ற ஆய்வு 2016-ல் வெளிவந்தது. அதற்குப் பயிற்சி கொடுத்த 1,28,175 படங்களில் ஒரு பங்கு அரவிந்த் உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்து சென்றது.

ஆய்வகத்தில் சூரனாக நின்ற அந்த நிரல், தாய்லாந்தின் சிறு மருத்துவமனைகளுக்குப் போனபோது தடுமாறியது. அறையில் வெளிச்சம் சரியில்லாததாலும் பிற குறைகளாலும், செவிலியர் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றைத் தரம் போதாது என்று திருப்பி அனுப்பியது. வேலையை விட்டு வந்து வரிசையில் நின்றவர்கள் இன்னொரு நாள் வேறு மருத்துவமனைக்கு அலைய நேர்ந்தது. கருவி எந்த அறையில், யார் கையில் வேலை செய்யப்போகிறது என்பதைத் தொழிற்சாலை முதலிலேயே நினைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த அனுபவம் உரக்கச் சொன்னது.

கருவி யார் உடலில் வேலை செய்யப்போகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள்ளும் நுழைந்த பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளலாம். 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி கண்டுபிடித்த அடிப்படையில் அது இயங்குகிறது. விரலின் ஒருபுறமிருந்து சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, மறுபுறம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்து, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கிடுகிறது. வழியில் தோலின் நிறமியும் ஒளியை விழுங்கிக்கொள்ளும். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும், உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரில் 3.6 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று மடங்கு.

காரணம் தேடினால் சோதனை விதிமுறை கண்ணில் படுகிறது. 2013-ன் அமெரிக்க வழிகாட்டுதல்படி பத்துப் பேரிடம் சோதித்தால் போதும். அவர்களில் இருவருக்காவது கருநிறத் தோல் இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் வெளியான புதிய வரைவு, 150 பேருக்குக் குறையாமல், எல்லாத் தோல் நிறங்களும் இடம்பெறும்படி சோதிக்கச் சொல்கிறது. நம் ஊரில் பெரும்பாலோர் தோல் மாநிறமும் கறுப்பும்தான். இங்கே விற்கும் கருவியை இங்கத்திய விரல்களில் சோதித்துச் சான்று கேட்பது நம் கட்டுப்பாட்டு அமைப்புகளின் முதல் கடமை.

இணையத்தோடு இணைந்த கருவிக்கு இன்னொரு பகைவனும் உண்டு. 2017-ல் அமெரிக்காவில் 4,65,000 பேஸ்மேக்கர்களின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. வெளியாள் ஊடுருவி இதயத் துடிப்பை மாற்றும் வாய்ப்பு அவற்றில் இருந்தது. யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்து சில நிமிடங்கள் அமர்ந்து திருத்தம் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2023 முதல் அங்கே புதிய இணையச் சாதனத்துக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், அதிலுள்ள மென்பொருள் உறுப்புகளின் பட்டியலையும், ஓட்டை தெரிந்தால் எப்படி அடைப்போம் என்ற திட்டத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இந்தியாவும் விதிகளைத் திருத்திக்கொண்டு வருகிறது. நெடுங்காலம் இங்கே மருத்துவச் சாதனங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவை மட்டுமே சட்டத்தின் கண்ணில் பட்டன. மருத்துவச் சாதன விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தின் அளவைப் பொறுத்து நான்கு வகுப்புகள் பிரிக்கப்பட்டன. 2020 ஏப்ரல் முதல் எல்லாச் சாதனங்களும் சட்டத்துக்குள் வந்தன. ஆபத்து குறைந்தவற்றுக்கு 2022 அக்டோபர் முதலும், ஆபத்து மிகுந்த மேல்வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமம் கட்டாயமானது. உள்நாட்டு உற்பத்திக்கு 3,420 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டமும் வந்தது. நான்கு மாநிலங்களில் மருத்துவச் சாதனப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் 350 ஏக்கரில். சிறு நிறுவனம் ஒவ்வொன்றும் தனித்தனியே கட்ட முடியாத சோதனைக்கூடத்தையும் நுண்ணுயிர் நீக்கக்கூடத்தையும் பொதுவில் அமைத்துக் கொடுப்பது பூங்காவின் நோக்கம். கார்களுக்கு உதிரிபாகம் செய்து கை தேர்ந்த ஒரகடத்துப் பட்டறைகள் துல்லிய வேலைக்குப் புதியவை அல்ல. சூரத்தின் வைர லேசர் இதயத்துக்குப் போனதைப்போல இவர்களும் போக முடியும். நிலத்தையும் மின்சாரத்தையும் கொடுப்பதோடு, பொருளறிவியல் அறிஞர்களையும் மருத்துவர்களையும் பட்டறைக்காரர்களோடு பேசவைப்பதும் அரசின் வேலை என்று கொண்டால்தான் அது நடக்கும்.

செய்வது யார் என்பதோடு கேள்வி முடிவதில்லை. பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பது யார் என்பதும் அதன் பகுதி. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிப்யூ நிறுவனம் செய்த ‘ஏஎஸ்ஆர்’ இடுப்பு மூட்டில் உலோகத்தோடு உலோகம் உரசியது. உரசிய துகள்களிலிருந்து கோபால்ட்டும் குரோமியமும் திசுக்களிலும் இரத்தத்திலும் கலந்தன. பலருக்கு வலியும் வீக்கமும் வந்து மறு அறுவை தேவைப்பட்டது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அந்த மூட்டு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகள். இந்திய அரசு 2017-ல் அமைத்த நிபுணர் குழு விசாரித்தபோது, அவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. உடலுக்குள் பழுதான உலோகம். ஆளுக்குத் தகவல் சொல்ல முகவரி இல்லை. இந்தத் துறையில் இந்தியா சந்தித்த மிகப் பெரிய தோல்வி தொழிற்சாலையில் நடந்ததல்ல, பதிவேட்டில் நடந்தது.

இதைச் சரிசெய்வதில் அரசுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள பங்கு பெரிது. நோயாளியின் குடும்பமும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கண் லென்ஸ், ஸ்டென்ட், பேஸ்மேக்கர், மூட்டு எதுவாக இருந்தாலும், அதன் பொட்டலத்தில் நிறுவனத்தின் பெயர், மாதிரி எண், தொகுதி எண், காலாவதி நாள் அச்சிட்ட ஒட்டிகள் இருக்கும். அவற்றில் ஒன்றை நோயாளியின் கோப்பில் ஒட்டித்தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதனத்தால் கோளாறு என்று சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். 2015 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் வழியாக நடந்துவரும் ‘மெட்டீரியோவிஜிலன்ஸ்’ திட்டத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.